சென்னை சிறு தொழில்களுக்கு டொமைன், மெயில் பாதுகாப்பு: ஒரு முழுமையான வழிகாட்டி

புதுப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவர், கோடவுன் தெருவில் துணி மொத்த வியாபாரம் பார்க்கிறவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பல்லாவரத்தில் தோல் பொருள் ஏற்றுமதி செய்கிறவர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், விசிட்டிங் கார்டில் இன்று ஒரு வெப்சைட் முகவரியும் ஒரு மெயில் ஐடியும் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி சான்றிதழ், டிரேடு லைசென்ஸ் எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கும். அந்த வெப்சைட் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் மட்டும், "வெப்சைட் பண்ணிக் கொடுத்த தம்பிக்குத்தான் தெரியும்" என்று பதில் வரும்.

இது சின்ன விஷயம் இல்லை. ஜிஎஸ்டி போர்ட்டல், வருமான வரி இ-ஃபைலிங், உத்யம் பதிவு, நெட் பேங்கிங் என எல்லாமே ஒரு மெயில் ஐடியில்தான் போய் நிற்கின்றன. பாஸ்வேர்டை மறந்தால் புதிய பாஸ்வேர்டுக்கான லிங்க் அந்த மெயிலுக்குத்தான் வரும். அந்த மெயில் உங்கள் டொமைனில் இருக்கிறது. ஆக, டொமைன் யார் கையில் இருக்கிறதோ, அவர் நினைத்தால் உங்களுக்கு வருகிற மெயில் முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அதனால் பாதுகாப்பு வேலையை ஆன்டிவைரஸில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். டொமைனில் இருந்து ஆரம்பியுங்கள். கீழே உள்ள படிகளையும் அந்த வரிசையில்தான் கொடுத்திருக்கிறேன்.

படி 1: டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "வெப்சைட்" என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் மூன்று தனித்தனிச் சேவைகள் இருக்கின்றன. ஒன்று டொமைன், அதாவது முகவரி. அதைப் பதிவு செய்து தரும் நிறுவனம் ரெஜிஸ்ட்ரார். இரண்டாவது ஹோஸ்டிங், வெப்சைட்டின் பக்கங்களும் படங்களும் இருக்கிற சர்வர். மூன்றாவது மெயில் சேவை. மூன்றையும் ஒரே இடத்தில் வாங்கியிருக்கலாம், மூன்று இடத்திலும் வாங்கியிருக்கலாம். எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே ஒவ்வொன்றுக்கும் லாகின் யாரிடம் இருக்கிறது, பணம் யாருடைய கார்டில் இருந்து போகிறது என்றும் எழுதுங்கள்.

நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம் அல்லவா? டொமைனுக்கு அதைப் போன்ற வேலையைச் செய்வது 'ஹூ ஈஸ்' தேடல். டாட் இன் முகவரி என்றால் அந்தப் பதிவேட்டை நடத்தும் நிக்ஸி அமைப்பின் தளத்தில் தேடலாம். டாட் காம் போன்றவற்றுக்கு, உலக அளவில் டொமைன் முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கம் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரார் யார், பதிவான தேதி என்ன, காலாவதி தேதி என்ன, வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாதபடி பூட்டுப் போட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

உரிமையாளர் பெயர் பெரும்பாலும் தனியுரிமை காரணமாக மறைக்கப்பட்டிருக்கும். அதனால் ஹூ ஈஸ் பார்த்ததோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம். உண்மையான சோதனை வேறு. ரெஜிஸ்ட்ராரின் தளத்துக்குப் போய், யாரிடமும் கேட்காமல், உங்களால் லாகின் செய்ய முடிகிறதா? உள்ளே 'ரெஜிஸ்ட்ரன்ட்' என்ற இடத்தில் உங்கள் பெயரோ உங்கள் நிறுவனத்தின் பெயரோ இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் படி 3-க்குப் போகலாம். இல்லையென்றால் அடுத்த படிதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமானது.

படி 2: டொமைனை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள்

வெப்சைட் செய்து கொடுத்தவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பத்து வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறவர், வசதிக்காகப் பத்து டொமைனையும் தன் ஒரே அக்கவுண்ட்டில் வாங்கி வைத்திருப்பார். ஆனால் அவர் வேலை மாறலாம், ஊர் மாறலாம், அவருடைய அக்கவுண்ட்டே திருடு போகலாம். உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பாக்கி தகராறு வந்தபிறகு கேட்டால் அது பேரம் ஆகிவிடும்.

நேரில் பேசினாலும், கூடவே எழுத்திலும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் போதும்: "தம்பி, ஆடிட்டர் டொமைன் கம்பெனி பேர்ல இருக்கணும்னு சொல்றார். நான் அதே ரெஜிஸ்ட்ரார்ல ஒரு அக்கவுண்ட் திறந்துட்டேன். இந்த மெயில் ஐடிக்கு டொமைனை மாத்தி விட்டுடுங்க. ஹோஸ்டிங் வழக்கம்போல நீங்களே பாத்துக்குங்க." கடைசி வரி முக்கியம். வேலை கைவிட்டுப் போகவில்லை என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் அன்றைக்கே செய்து கொடுத்துவிடுவார்கள்.

மாற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் ஒரு அக்கவுண்ட்டில் இருந்து இன்னொரு அக்கவுண்ட்டுக்கு மாற்றுவது ஒன்று. இதைப் 'புஷ்' என்பார்கள். பொதுவாகச் சில நிமிட வேலை, மெயிலும் வெப்சைட்டும் நிற்காது. முடிந்தவரை இதையே செய்யுங்கள். இன்னொன்று வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுவது. அதற்குப் பூட்டை எடுக்க வேண்டும், 'ஆத் கோட்' என்ற ரகசியக் குறியீட்டை வாங்க வேண்டும், புதிய இடத்தில் அதைக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். டாட் காம் என்றால் கட்டும் பணத்துக்கு ஒரு வருஷம் கூடுதலாகச் சேரும். புதிதாகப் பதிவு செய்த டொமைனை முதல் 60 நாட்களுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாது.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தை (உங்கள் முகவரிக்கான வெப்சைட்டும் மெயிலும் எந்தச் சர்வரில் இருக்கின்றன என்று இணையத்துக்குச் சொல்லும் பட்டியல்) திறந்து, அதில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குறிப்பாக 'எம்எக்ஸ்' என்று ஆரம்பிக்கும் வரிகள். மெயில் எங்கே வந்து சேர வேண்டும் என்று சொல்வது அவைதான். ரெஜிஸ்ட்ரார் மாறும்போது இவை புதிய இடத்தில் அப்படியே இல்லாவிட்டால், வெப்சைட் ஓடும், மெயில் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும். இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளர் போன் செய்துதான் நமக்கே தெரியவரும்.

ஆள் கிடைக்கவே இல்லை என்றால்? முதலில் ரெஜிஸ்ட்ராரை அணுகுங்கள். நிறுவனத்தின் ஜிஎஸ்டி சான்றிதழ், பான், நீங்கள் வெப்சைட்டுக்குப் பணம் கொடுத்த ரசீது, பழைய வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். உங்கள் வணிகப் பெயருக்கு டிரேட்மார்க் இருந்து, தீய நோக்கத்தோடு ஒருவர் டொமைனைப் பிடித்து வைத்திருந்தால், டாட் இன் முகவரிகளுக்கு நிக்ஸியின் தகராறு தீர்வு முறை இருக்கிறது. ஆனால் அதற்குச் செலவும் நேரமும் ஆகும். நீங்கள் எப்போதோ கொடுத்த காசுக்கு ரசீது வைத்திருப்பது இங்கேதான் கை கொடுக்கும்.

படி 3: ரெஜிஸ்ட்ரார் அக்கவுண்ட்டைப் பூட்டுங்கள்

டொமைன் கைக்கு வந்துவிட்டது. இப்போது அந்த அக்கவுண்ட்டுக்கு எந்த மெயில் ஐடி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதே டொமைனில் இருக்கும் மெயில் ஐடியைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். டொமைன் காலாவதியானாலோ திருடு போனாலோ அந்த மெயிலும் சேர்ந்து போய்விடும். மீட்பதற்கான லிங்க் வந்து சேர இடமே இருக்காது. இதற்கென்று தனியாக ஒரு ஜிமெயிலோ வேறு மெயிலோ திறந்து, அதை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெயிலுக்கும் ரெஜிஸ்ட்ரார் அக்கவுண்ட்டுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்பது) போடுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. உங்கள் நம்பரில் வேறு ஒருவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவருக்குப் போய்விடும். ஆப்பில் வரும் எண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கும்போது சில அவசரக் குறியீடுகள் தருவார்கள். அவற்றைப் பிரின்ட் எடுத்து, கடைப் பத்திரங்கள் இருக்கும் அதே பீரோவில் வையுங்கள். உங்களைத் தவிர வீட்டில் அல்லது பார்ட்னர்களில் இன்னொருவருக்கு அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டொமைன் பக்கத்தில் 'டொமைன் லாக்' அல்லது 'டிரான்ஸ்ஃபர் லாக்' என்று ஒரு பட்டன் இருக்கும். அது எப்போதும் போட்டே இருக்கட்டும்.

அப்புறம் ரினியூவல். 1999-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் பாஸ்போர்ட் டாட் காம் முகவரிக்கு 35 டாலர் கட்ட மறந்தது. ஹாட்மெயில் பயன்படுத்தியவர்கள் பலருக்கு லாகின் ஆகவில்லை. வெளியாள் ஒருவர், லினக்ஸ் நிரலாளர், தன் சொந்தக் கார்டில் அந்தப் பணத்தைக் கட்டினார். நமக்கு அப்படி ஒருவர் வந்து கட்டமாட்டார். காத்திருந்து வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இருப்பார்கள்.

டாட் காம் முகவரி காலாவதியானால் நடப்பது இதுதான். முதலில் ஒரு சலுகைக் காலம் உண்டு. அதிகபட்சம் 45 நாள் வரை. ஆனால் எத்தனை நாள் என்பதை ரெஜிஸ்ட்ரார்தான் முடிவு செய்வார். அதில் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பித்துக்கொள்ளலாம். அடுத்து 30 நாள் மீட்புக் காலம். இதில் மீட்கக் கட்டணம் பல மடங்கு. அதுவும் போனால் 5 நாளில் அழிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆகிவிடும். வாங்குகிறவர் அதில் ஒரு மெயில் பெட்டியைத் திறந்தால், உங்கள் பழைய ஐடிக்கு வருகிற வங்கி மெயிலும் பாஸ்வேர்ட் லிங்க்கும் அவருக்குப் போகும்.

காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்பியே ஆக வேண்டும் என்பது டாட் காம் போன்றவற்றுக்கு ஐகானின் விதி. அந்த நினைவூட்டல் பதிவில் இருக்கும் மெயில் ஐடிக்குத்தான் போகும். பழைய டெவலப்பரின் ஐடி அங்கே இருந்தால் உங்களுக்கு எதுவும் வராது. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், கார்டு காலாவதியாகியிருக்கலாம். முடிந்தால் மூன்று, ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். ஒரே தடவையில் 10 வருஷம் வரை பதிவு செய்யலாம்.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் டொமைன் காலாவதியாகிறது" என்று சம்பந்தமே இல்லாத நிறுவனத்திடம் இருந்து பில் மாதிரி மெயில் வரும். "உங்கள் பிராண்டு பெயரை இன்னொரு நிறுவனம் சீனாவில் பதிவு செய்யக் கேட்கிறது, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று பவ்யமாக ஒரு மெயில் வரும். இரண்டும் பணம் பறிக்கிற வேலை. பதில் போடாதீர்கள். ரெஜிஸ்ட்ரார் தளத்தை நீங்களே டைப் செய்து திறந்து தேதியைப் பாருங்கள்.

படி 4: டிஎன்எஸ் பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள்

இது அரை மணி நேர வேலை. எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் ஒவ்வொரு வரியையும் பார்த்து, இது எதற்கு என்று டெவலப்பரிடம் கேளுங்கள். எப்போதோ சோதனைக்கு வைத்த துணை முகவரி, மூடிவிட்ட ஆன்லைன் கடைச் சேவையைக் காட்டும் வரி இவையெல்லாம் இருந்தால் நீக்குங்கள். நீங்கள் கைவிட்ட சேவையில் வேறு ஒருவர் அக்கவுண்ட் திறந்து, உங்கள் துணை முகவரியில் தன் போலிப் பக்கத்தைக் காட்ட முடியும். ரெஜிஸ்ட்ராரில் 'டிஎன்எஸ் செக்' வசதி (டிஎன்எஸ் பதில்களை இடையில் யாரும் மாற்றவில்லை என்று டிஜிட்டல் கையெழுத்தால் உறுதி செய்வது) இருந்தால், டிஎன்எஸ் சேவை தருகிறவரும் அதை ஆதரிக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு இயக்குங்கள். அரைகுறையாக இயக்கினால் வெப்சைட்டே திறக்காமல் போகும்.

படி 5: மெயில் பெட்டிகளை ஒழுங்குபடுத்துங்கள்

கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, நம் ஊர் ஸோஹோ, எதுவாக இருந்தாலும் சரி. ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் மெயில் பெட்டியைவிடத் தனி மெயில் சேவை பாதுகாப்பானது என்பது என் கருத்து. ஒரு பழைய பிளக்இன் (வெப்சைட்டில் சேர்க்கும் கூடுதல் சாஃப்ட்வேர்) வழியாக வெப்சைட்டுக்குள் நுழைந்தவன் அதே சர்வரில் இருக்கும் மெயிலையும் படிக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

'சேல்ஸ்', 'இன்ஃபோ' போன்ற பொது ஐடிகளுக்கு ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் வைத்துக்கொள்வது நம் அலுவலகங்களில் ரொம்ப சகஜம். அந்தப் பாஸ்வேர்ட் கம்ப்யூட்டர் மானிட்டரில் ஒட்டியும் இருக்கும். இதை நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு ஐடி கொடுங்கள். பொது ஐடியை 'குரூப்' அல்லது 'ஏலியஸ்' ஆக மாற்றிவிட்டால் அந்த மெயில் அத்தனை பேருக்கும் போகும், பொதுப் பாஸ்வேர்டுக்கே தேவை இருக்காது. ஒருவர் வேலையை விட்டால் அவருடைய ஐடியை மட்டும் நிறுத்தினால் போதும்.

எல்லா ஐடிக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். முதலாளிக்கும் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவருக்கும் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போன் அல்லது கம்ப்யூட்டரின் கைரேகை, முகப்பூட்டு, பின் மூலம் திறப்பது) அல்லது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி போட்டால் இன்னும் நல்லது. இப்போதைய போலி லாகின் பக்கங்கள் நீங்கள் டைப் செய்யும் ஓடிபியையும் அந்த நொடியிலேயே வாங்கி உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போய்விடுகின்றன. பாஸ்கீ உண்மையான முகவரியில் மட்டும்தான் வேலை செய்யும். பாஸ்வேர்ட் மேனேஜரும் அதுபோலத்தான். வழக்கமாகத் தானாக நிரப்புகிற இடத்தில் நிரப்பவில்லை என்றால், அங்கேயே கையை எடுத்துவிட்டு முகவரியைப் படியுங்கள்.

இப்போது ஒரு சோதனை, இன்றே செய்யுங்கள். ஜிமெயில் அல்லது வொர்க்ஸ்பேஸை கம்ப்யூட்டரில் திறந்து, செட்டிங்ஸில் 'சீ ஆல் செட்டிங்ஸ்' அழுத்துங்கள். 'ஃபில்டர்ஸ்' பகுதியில் நீங்கள் போடாத விதி ஏதாவது இருக்கிறதா? 'ஃபார்வர்டிங்' பகுதியில் தெரியாத ஐடி இருக்கிறதா? 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் வேறு யாருக்காவது அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா? பிறகு இன்பாக்ஸின் அடியில் வலப்பக்கம் 'டீடெய்ல்ஸ்' என்று சின்னதாக ஒரு லிங்க் இருக்கும். அதைத் தொட்டால் சமீபத்தில் எங்கிருந்தெல்லாம் இந்தப் பெட்டி திறக்கப்பட்டது என்று காட்டும்.

ஏன் இவ்வளவு? மெயிலுக்குள் நுழைந்தவன் பாஸ்வேர்டை மாற்றமாட்டான், சத்தம் போடமாட்டான். வாரக்கணக்கில் உட்கார்ந்து படிப்பான். யாருக்கு எவ்வளவு பில், எப்போது பணம் வரும், நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று தெரிந்துகொள்வான். "பேமென்ட்", "இன்வாய்ஸ்" என்ற சொல் இருக்கும் மெயில்கள் உங்கள் கண்ணில் படாமல், யாரும் திறக்காத ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு விதி போட்டு வைப்பான். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அந்த விதியும் ஃபார்வர்டிங்கும் அப்படியே இருக்கும். அதனால்தான் அந்த மூன்று இடங்களையும் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

கூடவே ஜிஎஸ்டி போர்ட்டலிலும் ஒரு பார்வை பாருங்கள். பதிவு செய்தபோது வசதிக்காக ஆடிட்டர் ஆபீஸின் மெயில் ஐடியும் மொபைல் நம்பரும் கொடுக்கப்பட்டிருக்கலாம். ஓடிபி அங்கேதான் போகும். 'நான்-கோர்' திருத்தம் வழியாக அதை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளலாம்.

படி 6: உங்கள் பெயரில் பிறர் மெயில் அனுப்புவதைத் தடுங்கள்

மெயில் உருவான காலத்தில் அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கிற ஏற்பாடு இல்லை. யார் வேண்டுமானாலும் 'ஃப்ரம்' என்ற இடத்தில் உங்கள் ஐடியைப் போட்டு உங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். இதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் பின்னால் வந்தன: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். மூன்றுமே டிஎன்எஸ் பக்கத்தில் போடுகிற வரிகள்தான். தனிச் செலவு எதுவும் கிடையாது.

எஸ்பிஎஃப் என்பது, எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டும் அனுமதி என்ற பட்டியல். உங்கள் மெயில் சேவையின் உதவிப் பக்கத்தில் அந்த வரி தயாராக இருக்கும், எடுத்து ஒட்டினால் போதும். ஆனால் மெயில் சேவை மட்டுமே உங்கள் பெயரில் அனுப்புகிறதா என்று யோசியுங்கள். பில்லிங் சாஃப்ட்வேர், பண்டிகை ஆஃபர் அனுப்பும் சேவை, வெப்சைட்டின் விசாரணைப் படிவம் எல்லாமே அனுப்பலாம். அவற்றையும் அதே வரியில் சேர்க்க வேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அந்த வரி வேறு வரிகளைத் தேடிப்போகும் எண்ணிக்கை 10-ஐத் தாண்டக்கூடாது. வரியின் கடைசியில் 'ஆல்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். மைனஸோ (-) அலைக்குறியோ (~) இருந்தால் சரி. பிளஸ் (+) இருந்தால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தது ஆகும்.

டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலுக்கும் கண்ணுக்குத் தெரியாமல் விழும் டிஜிட்டல் கையெழுத்து. கூகுள் வொர்க்ஸ்பேஸிலும் மைக்ரோசாஃப்ட் 365-லும் உங்கள் டொமைன் பெயரில் இது தானாக விழாது. அட்மின் பக்கத்தில் சாவியை உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் ஒட்டி, திரும்ப வந்து இயக்க வேண்டும். ஒட்டியபிறகு இயக்குகிற அந்தக் கடைசி அடியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாவியின் நீளத்தைத் தேர்வு செய்யச் சொன்னால் 2048 என்று வையுங்கள்.

இந்த இரண்டு மட்டும் போதாது. எஸ்பிஎஃப் சரிபார்ப்பது மெயிலின் உறைமேல் இருக்கும், சர்வர்கள் தமக்குள் பார்த்துக்கொள்ளும் அனுப்புநர் முகவரியை; வாடிக்கையாளர் கண்ணில் படும் 'ஃப்ரம்' முகவரியை அது பார்ப்பதில்லை. இரண்டையும் பொருத்திப் பார்ப்பது டிமார்க். பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதில் நீங்களே சொல்லலாம். அதற்கு மூன்று நிலைகள்: 'நன்' என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு. 'குவாரன்டைன்' என்றால் ஸ்பேமில் போடு. 'ரிஜெக்ட்' என்றால் உள்ளேயே விடாதே.

முதல் நாளே 'ரிஜெக்ட்' போட வேண்டாம். 'நன்' போட்டு, அறிக்கை வருவதற்கு ஒரு ஐடி கொடுங்கள். பெரிய மெயில் சேவைகள் தினமும் எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பும். அப்படியே திறந்தால் புரியாது. படித்துக் காட்டுகிற இலவசச் சேவைகள் இருக்கின்றன. சில வாரம் பாருங்கள். நீங்கள் மறந்துபோன பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று அதில் தோல்வியாகத் தெரியும், அதைச் சரிசெய்யுங்கள். பிறகு 'குவாரன்டைன்', இன்னும் சில வாரத்தில் 'ரிஜெக்ட்'. பலர் 'நன்' நிலையிலேயே வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அந்த நிலையில் அது யாரையும் தடுப்பதில்லை.

இது மோசடியைத் தடுக்க மட்டும் இல்லை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், மொத்தமாக மெயில் அனுப்பும் டொமைன்களுக்கு (கூகுள் கணக்கில், ஜிமெயில் ஐடிகளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5,000 மெயிலும் அதற்கு மேலும்) மூன்றையும் கேட்கின்றன. குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது வேண்டும். உங்கள் கொட்டேஷன் வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உங்கள் அலுவலக ஐடியில் இருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். அதைத் திறந்து மூன்று புள்ளிகளைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள். மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். நீங்கள் வாங்கி வைத்து மெயிலுக்குப் பயன்படுத்தாத டொமைன்கள் இருந்தால், அவற்றுக்கு 'யாரும் அனுப்பக்கூடாது' என்று எஸ்பிஎஃப் வரியும் டிமார்க்கில் 'ரிஜெக்ட்'டும் போட்டுவிடுங்கள்.

படி 7: ஒத்த முகவரிகளும் வங்கிக் கணக்கு மாறிய மெயிலும்

டிமார்க் உங்கள் முகவரியை அப்படியே போட்டு அனுப்புவதைத்தான் தடுக்கும். உங்கள் முகவரியைப் போலவே இன்னொன்றை வாங்கி அனுப்பினால் தடுக்காது. உங்கள் டொமைனில் ஆங்கில 'எம்' எழுத்து இருக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் 'ஆர்' எழுத்தையும் 'என்' எழுத்தையும் நெருக்கிப் போட்டால், செல்போன் திரையில் அச்சு அசல் 'எம்' போலவே தெரியும். சின்ன 'எல்' இருக்கும் இடத்தில் எண் 1, 'ஓ' இருக்கும் இடத்தில் பூஜ்யம், டாட் காமுக்குப் பதில் டாட் கோ. எல்லாவற்றையும் நாம் வாங்கி வைக்க முடியாது. டாட் காம், டாட் இன் இரண்டையும் வாங்குங்கள். அதிகம் தவறாக டைப் ஆகும் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றையும். அதற்கு மேல் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பணம் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு சப்ளையரோடு மாதக்கணக்கில் மெயில் போக்குவரத்து. அதே சங்கிலியில், அதே கையெழுத்துப் பகுதியோடு ஒரு பதில் வருகிறது: "ஆடிட் நடப்பதால் எங்கள் பழைய கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. இந்த இன்வாய்ஸ் தொகையை இணைப்பில் உள்ள புதிய கணக்குக்கு இன்று மாலைக்குள் அனுப்பவும்." பில் எண் சரி, தொகை சரி, சரக்கின் பெயர் சரி. முகவரியில் ஒரு எழுத்து மட்டும் வேறு. அல்லது முகவரியும் சரியாகவே இருக்கும், சப்ளையரின் மெயில் பெட்டியே திருடனிடம் இருப்பதால்.

இதற்கு அலுவலகத்தில் ஒரே சட்டம் போதும். வங்கிக் கணக்கு மாறினால் போன் செய்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் போகக்கூடாது. அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடக்கூடாது. ஏற்கெனவே போனில் சேமித்து வைத்திருக்கும் நம்பருக்குக் கூப்பிட வேண்டும். முதலாளியே வாட்ஸ்அப்பில் "அவசரம், உடனே போடு" என்று சொன்னாலும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்ணிடமோ பையனிடமோ நீங்களே நேரில் சொல்லுங்கள். நீங்கள் கேட்டபோது அவர் தயங்கி உங்களுக்குப் போன் செய்தால், கோபப்படாமல் பாராட்டுங்கள். பயம் இருக்கிற ஆபீஸில் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பதே அதைத்தான்.

2025 ஏப்ரல் 1 முதல், ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்புமுன் பெறுபவரின் கணக்குப் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் போட்டதும் வரும் பெயர் சப்ளையரின் பெயர்தானா என்று படித்த பிறகே அனுப்புங்கள். உங்கள் இன்வாய்ஸின் அடியிலும் ஒரு வரி அச்சடியுங்கள்: "எங்கள் வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலில் தெரிவிக்க மாட்டோம்." வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் ஆங்கிலத்தில் அதே வரி.

முகவரியைப் படிக்கும் முறையையும் ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு இடப்பக்கம் கடைசியாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உண்மையான உரிமையாளர் அங்கேதான் இருப்பார். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் தங்கள் தளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பெரும்பாலான அரசுத் தளங்கள் டாட் ஜிஓவி டாட் இன் என்று முடியும். முடிய வேண்டும் என்பதுதான் முக்கியம். 'பேங்க் டாட் இன்' நடுவில் வந்து, கடைசியில் வேறு ஏதோ டாட் காம் என்று முடிந்தால் அது போலி. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அந்தப் படத்தைக் காட்ட வைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் போலித் தளத்துக்கும் இலவசமாகக் கிடைக்கும். குரோம் 2023-லேயே பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

படி 8: வெப்சைட்டுக்குச் செய்ய வேண்டியது

உங்கள் வெப்சைட் வேர்ட்பிரஸ் என்ற சாஃப்ட்வேரில் ஓடுகிறது என்றால் பிளக்இன்களுக்குத் தானியங்கி அப்டேட் போடுங்கள், பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள், வாரம் ஒரு பேக்கப் வேறு இடத்தில் இருக்கட்டும். எஸ்எஸ்எல் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கும்படி இருக்கிறதா என்று ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள் என்று குறைகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கையால் போட்டுக்கொள்கிற பழக்கம் இனி ஓடாது.

படி 9: ஏதாவது நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் முதல் போன் 1930-க்கு. தேசிய சைபர் குற்ற உதவி எண் இது. யாரைக் கேட்கலாம், எப்படிச் சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் பணம் நான்கைந்து கணக்கு தாண்டிப் போய்விடும். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, போன கணக்கு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். கூடவே உங்கள் வங்கிக் கிளைக்கும் சொல்லுங்கள். வெளிநாட்டுக்குப் போன பணம் என்றால், ஸ்விஃப்ட் (வங்கிகள் நாடு கடந்து தகவல் அனுப்பிக்கொள்ளும் வலையமைப்பு) வழியாகத் திரும்பக் கேட்கும் செய்தியை உடனே அனுப்பச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளமான சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்னில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

மெயில் திருடு போயிருந்தால் வரிசை முக்கியம். வேறு ஒரு சுத்தமான கம்ப்யூட்டரில் இருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் லாக்அவுட் செய்யுங்கள். ஃபில்டர், ஃபார்வர்டிங், இணைக்கப்பட்ட ஆப்கள், மீட்பு மொபைல் நம்பர், எல்லாவற்றையும் பாருங்கள். அடுத்து வாடிக்கையாளர்களுக்கும் சப்ளையர்களுக்கும் போனில் சொல்லுங்கள். மெயிலில் சொன்னால் அதையும் அவன் படிப்பான். வெட்கப்பட்டு மறைப்பதால் அடுத்த ஆள் பணத்தை இழப்பார்.

சைபர் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று, சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டிருந்தது. இப்போது அவர்களும் அதற்குள் வருகிறார்கள். எந்த ஐடிக்கு எழுத வேண்டும் என்பதை அவர்கள் தளத்தில் இருந்து இப்போதே குறித்து, 1930 என்ற எண்ணோடு சேர்த்து அக்கவுண்ட்ஸ் மேஜையில் ஒட்டி வையுங்கள்.

மோசடி மெயிலை அழிக்காதீர்கள், யாருக்கும் ஃபார்வர்டும் செய்யாதீர்கள். ஃபார்வர்ட் செய்தால் அது எந்த சர்வரில் இருந்து வந்தது என்ற தலைப்பு விவரங்கள் போய்விடும். 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் 'டவுன்லோட்' செய்தால் முழு மெயிலும் ஒரு கோப்பாக இறங்கும். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப் போய்ப் புகாரோடு கொடுங்கள்.